வேலிக்கு அந்தப் பக்கத்துத் தூக்கம்

போன வாரம் நம் பழைய டவுன்ஷிப் பிளாக் நண்பர்களின் செல்போன் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் படம். கீழே ஒரு வரி: ‘இவங்க புத்தியே இப்படித்தான், நம்ம காலத்திலிருந்தே பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்.’ அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

அறுபதைத் தாண்டியும் எனக்கு ரோஷம் குறையவில்லை என்பதில் எனக்கொரு பெருமை உண்டு. நம்ம காலம் என்றால் எனக்கும் ஒரு காலம் நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறை அது. உங்களில் பாதிப் பேர் அந்த விடுமுறையில் ஆளுக்கொரு டின்னைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்தவர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம் தெருவை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கோவில்பட்டித் தமிழ், எதிர்வீட்டில் பொள்ளாச்சித் தமிழ், மூன்றாவது வீட்டில் தேனிப் பக்கம். மதியம் தெருவில் நடந்தால் குழம்பு வாசனையை வைத்தே எந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம். எதிர்வீட்டு மாமா ‘ஏனுங்’ என்று இழுப்பதை நாங்கள் பழிப்புக் காட்டுவோம். எங்கள் அம்மா ‘ஏளா’ என்று கூப்பிடுவதை அவர்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். முருங்கைக்காய்ச் சண்டை, சாக்கடைச் சண்டை எல்லாம் வாராவாரம் உண்டு. ஆனால் பின்வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்து நின்றால் போதும், அத்தனை மாவட்டமும் அந்த நிமிஷமே ஒன்றாகிவிடும். அவர்கள் ‘ஊர்க்காரங்க’. நாம் ‘டவுன்ஷிப்’. 

நிலக்கரி மைன்ஸ் வேலைக்காக எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்கள் நாம். மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, முந்திரித் தோப்புக்குப் பின்னால் போய்க் குடியேறியவர்கள் அவர்கள். இருந்தும் ‘வெளியாளுங்க உள்ள வர்றாங்க’ என்று சொன்னது நாம்தான். அந்த வயதில் இதில் உள்ள கோணல் எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

நம் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்ததே, அது வேறெந்தத் தெருவிலும் நான் பார்க்காதது. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அப்பாக்கள், படுக்கப் போகும் முன் தங்கள் மைன்ஸ் ஹெல்மெட்டை வாசல் கேட்டில் மாட்டிவிடுவார்கள். கேட்டில் ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். அந்த வீட்டு முன்னால் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது. கீரைக்காரம்மா கூவாமல் வந்து கதவை விரலால் சுரண்டுவார். தபால்காரர் கடிதத்தைச் சன்னல் வழியாக நழுவ விட்டுப் போவார். எங்கள் வீட்டு அறையில் சன்னலுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அம்மா இருட்டாக்கியிருப்பாள். அந்த ஈரச் சணல் வாசனையும், அப்பாவின் சட்டையிலிருந்து வரும் பழுப்பு நிலக்கரித் தூள் வாசனையும் சேர்ந்த ஒரு வாசனை உண்டு. எனக்குப் பகல் தூக்கம் என்றால் இன்றைக்கும் அந்த வாசனைதான்.

காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை குழந்தைகள் மூச்சு விடக் கூடாது. “அப்பா முழிச்சா ராத்திரி மெஷின்ல கண்ணசந்துருவாரு, அப்புறம் நாம நடுத்தெருவுல நிக்கணும்” என்று அம்மா எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். பயமுறுத்தல் இல்லை, உண்மையைத்தான் சொன்னாள்.

அந்தக் கோடையில் பிளாக்குகளுக்குள் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். அதில் பேண்டு வாத்திய அணிவகுப்பும் ஒன்று. பக்கத்து பிளாக்கில் ஊதுவதற்குப் பியூகிள் எல்லாம் வைத்திருந்தார்கள். நம்மிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட ஒரு சைடு டிரம், எட்டு எண்ணெய் டின், இரண்டு பிஸ்கட் டின். டிரம் என் கழுத்தில் தொங்கியது. எதிர்வீட்டு மாமாவின் மகன் கேப்டன், ஆனால் அடியை எடுத்துக் கொடுத்தது நான். சும்மா சொல்லக் கூடாது, என் கைக்கு அப்படி ஒரு தாளம் இருந்தது. ஒருபக்கம் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய அந்த டிரம்மில் நான் ஓர் உருட்டு உருட்டினால், பத்து டின்களும் தானாகக் காலை மாற்றி வைக்கும். என்னைவிட நன்றாக அடித்தவர்கள் அந்த டவுன்ஷிப்பில் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

ஒத்திகை பார்க்க எங்களுக்குக் கிடைத்த நேரம் காலைதான். சாயங்காலம் மைதானத்தைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். காலையில் தெருவில் ஆறு கேட்டில் ஹெல்மெட் தொங்கும். அதனால் கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தான். பின்வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது அல்லவா, அதன் வழியாக வெளியே போய், முந்திரித் தோப்பைத் தாண்டி, அந்தக் கோடியில் உள்ள திடலில் அடிக்கலாம் என்றான். பத்து நிமிஷ நடை. அங்கே இடியே விழுந்தாலும் நம் தெருவுக்குக் கேட்காது.

நம் அம்மாக்களுக்கு வாயெல்லாம் பல். “அப்பாக்க தூக்கம் கெடக் கூடாதுன்னு அம்புட்டுத் தூரம் வெயில்ல போவுது பாருங்க பிள்ளைய” என்று என் அம்மா எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னாள். “நம்ம கொழந்தைகளுக்கு இருக்கற பொறுப்பு அந்த ஊர்க் கொழந்தைகளுக்கு வருமுங்களா?” என்றார் அத்தை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தத் திடலை ஒட்டிப் பதினைந்து இருபது வீடுகள் இருந்தன. அது எங்கள் கண்ணில் பட்டது, ஆனால் யார் மனதிலும் படவில்லை.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் முந்திரிப் பழத்தின் கறை. எங்கள் முன்னால் வந்து மரியாதையாகத்தான் பேசினாள்.

“செத்த நிறுத்துங்க. எங்கப்பா நைட்டு ஷிப்டு முடிச்சிட்டு வந்து தூங்கினு இருக்காரு. தோப்புக்கு அந்தாண்ட போயி அடிச்சிக்கங்களேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்க அப்பாவுக்கு ஏது ஷிப்ட்? ஷிப்ட் எல்லாம் பெர்மனென்ட்டுக்குத்தான்” என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெர்மனென்ட், ஷிப்ட், குவார்ட்டர்ஸ், போனஸ் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும் சாமான்கள் என்று எண்ணம்.

“காண்ட்ராக்டுலதான் போறாரு. அதுக்காவ ராத்திரி பகலாயிடுமா?” என்றாள் அவள்.

கேப்டன் முன்னால் வந்தான். “அப்படின்னா உங்க வீட்டு கேட்டுல ஹெல்மெட் மாட்டியிருக்கா?”

அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். “எங்க வூட்டுக்குக் கேட்டே கெடயாதே” என்றாள்.

நாங்கள் பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் நான் டிரம்மை உருட்டினேன், வேண்டுமென்றே முன்னைவிடச் சத்தமாக. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் மேலே போக முடியாது.

பன்னிரண்டு நாள் அடித்தோம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, ஞாயிறு உட்பட.

பதின்மூன்றாம் நாள் நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் நம் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் அவளோடு ஏழெட்டுப் பேரும். கையில் அலுமினியத் தட்டு, கரண்டி. கீரைக்காரம்மா அவளுக்குச் சொந்தம் என்று பிறகு தெரிந்தது. ஹெல்மெட்டின் அர்த்தத்தை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். வேறெந்த வீட்டு முன்னாலும் நிற்கவில்லை. ஹெல்மெட் தொங்கிய கேட்டாகப் பார்த்து நின்று, கேட்டுக்கு இரண்டு நிமிஷம், தட்டை அடி அடி என்று அடித்தார்கள். தாளமே இல்லை. ஆனால் ஆறு அப்பாக்களும் கைலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க, வெளியே ஓடி வந்தார்கள்.

மற்ற பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டன. அவள் மட்டும் ஓடவில்லை. எதிர்வீட்டு மாமா அவள் முன்னால் போய் நின்றார். மைன்ஸில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட் பிரிவில் அவர் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு எங்கள் எல்லாருக்கும் கரும்பு வாங்கித் தருகிறவர்.

“யாரு வூட்டுப் புள்ள நீயி? ஆரு அனுப்பிச்சாங்க?”

“யாரும் அனுப்பல. எங்கப்பாவும் நைட்டு ஷிப்டுதான். பெல்ட்டுல வேல செய்றாரு” என்று நிமிர்ந்து நின்று சொல்லி, அப்பா பேரையும் காண்ட்ராக்டர் பேரையும் சொன்னாள். தன் அப்பாவும் இவர்களில் ஒருவர்தான் என்று காட்டத்தான் அந்தப் பேரைச் சொன்னாள். தெரிந்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்கிறாள்.

மாமாவின் முகம் மாறியது. “அந்த ஆளா? போன வாரம் பெல்ட்டுப் பக்கத்துல உக்காந்தபடியே தூங்கிட்டு இருந்தானே! நான்தான் தட்டி எழுப்புனேன்.”

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பார்க்கில் சிமென்ட் பெஞ்சைச் சுற்றித் தெருவே கூடியது. மாமா ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார், காண்ட்ராக்டருக்கு. இந்த ஆள் வேலை நேரத்தில் தூங்குகிறார், பிள்ளைகளை ஏவிவிட்டுக் குடியிருப்பில் கலாட்டா செய்கிறார், இவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும். நைட் ஷிப்ட் வீடுகள் ஆறும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பெர்மனென்ட் கையெழுத்து இருந்தால் எந்தக் காண்ட்ராக்டரும் ஒரு காண்ட்ராக்ட் ஆளுக்காக யோசிக்க மாட்டார், மறுநாளே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

“பொறாமையில சொல்றனுங்களா?” என்று மாமா கேட்டார். “பெல்ட்டு ஓடறப்போ கண்ணசந்தா சட்டை மாட்டுமுங்க. சட்டை மாட்டுனா ஆளு போயிடுவான். அவனுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. ஆனா இவங்க புத்தியே அதானுங்களே. தூங்கறதுக்குத்தான் ஷிப்ட்டுக்கு வர்றாங்க.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. இன்னொரு காண்ட்ராக்ட் ஆள் கதை, வேறோர் ஊர்க்காரர் திருட்டு, எப்போதோ காணாமல் போன சைக்கிள். அவற்றில் எதற்கும் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை. எல்லாம் அந்த ஒரு மனிதரின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சட்டை மாட்டினால் ஆள் போய்விடுவான் என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. அம்மா எங்களுக்குச் சொன்னது அப்படியே திரும்ப வந்தது. அப்பா முழித்தால் ராத்திரி கண்ணசந்துவிடுவார். அந்த மனிதர் பன்னிரண்டு நாள் பகலில் தூங்கவில்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது யார்? அடித்தது என் கை. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதே கை.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிரம்மைப் பிடுங்கிக்கொள்வார்கள். போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. கேப்டன் கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவனுக்கும் புரிந்திருந்தது.

“மாமா, அவரு தூங்குனதுக்கு நாங்கதான் காரணம்” என்றேன். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றேன். “தினம் காலையில அவங்க வீட்டுப் பக்கத்துலதான் டிரம் அடிச்சோம். அந்தப் பொண்ணு முன்னாடியே வந்து சொன்னா, அப்பா நைட் ஷிப்ட்னு. நாங்க சிரிச்சோம். இன்னும் சத்தமா அடிச்சோம்.”

அம்மா என் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

மாமா திகைத்துவிட்டார். “கொழந்தைக வெளையாட்டுக்கும் அவன் தூங்குனதுக்கும் என்ன அம்மிணி சம்பந்தம்? பகல்ல அவனுக்கு என்ன தூக்கம்?”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்கள் ஆறு பேருக்கும் அது வாரம் தவறாமல் வருகிற தலைவலி. அப்படியும் வேலிக்கு அந்தப் பக்கம் அதே தலைவலி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு கூட்டம் அத்தனை சீக்கிரம் தோற்றுப்போகாது. “அவங்களுக்கெல்லாம் பழக்கமுங்க, எந்தச் சத்தத்துலயும் தூங்குவாங்க” என்று யாரோ சொன்னார்கள். “இருந்தாலும் புள்ளைகள ஏவிவிட்டது தப்புத்தானே” என்றார் இன்னொருவர். கடிதம் கை மாறியது. ஐந்து கையெழுத்து விழுந்தது. என் அப்பாவிடம் வந்தபோது அவர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடினார்.

“நான் இன்னிக்கிப் போடல. நாளைக்கிச் சொல்லுதேன்.”

“நம்மள விட்டுட்டு அவங்க பக்கம் நிக்கறீங்களா?” என்றார் மாமா.

“எந்தப் பக்கமும் நிக்கல. ஷிப்ட்டுக்குப் போணும்” என்று அப்பா எழுந்துவிட்டார். என் அப்பா கூட்டத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் விடிந்து அப்பா வந்தார். முகத்தில், புருவத்தில், காது மடலில் எல்லாம் பழுப்புத் தூள். குளிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டவில்லை. அம்மா கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார். “ராத்திரி பெல்ட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். மனுசன் உக்காரவே இல்ல. பாட்டில்ல தண்ணிய வச்சுக்கிட்டு, கண்ணுல அடிச்சு அடிச்சு நிக்காரு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அந்த வீட்டக் காட்டு, வா” என்றார்.

“தூங்காமக் கொள்ளாம எங்க போறிய? வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிடுதியளே” என்று அம்மா புலம்பினாள். அப்பா பதில் சொல்லாமல் வேலி இடைவெளியில் குனிந்து நுழைந்தார். அவருக்கு அந்த வழி புதிது. பல வருஷமாக அதே தெருவில் இருந்தும் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

தோப்பில் முந்திரிப் பழம் விழுந்து புளித்த வாசனை. திடலைத் தாண்டி முதல் வீடே அவள் வீடுதான். கீற்று வேய்ந்த வீடு, மண் சுவர். நாங்கள் வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கப்பா இப்பத்தான் படுத்தாரு. எழுப்ப வுட மாட்டேன்.”

“எழுப்ப வேண்டாம்மா” என்றார் அப்பா. “அவரு தானா முழிக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்ஙன இருக்கேன்.”

அவள் அம்மா வெளியே வந்தார். பயந்திருந்தார். “பரவால்லைங்க சார், எழுப்பிடறேன். புள்ள தெரியாம பண்ணிடுச்சிங்க, மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். அப்பா வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு எதிரே வெட்டிப் போட்டிருந்த முந்திரிக் கட்டையில் போய் உட்கார்ந்தார். மணி ஏழரை இருக்கும். அப்போதே வெயில் சுள்ளென்று இருந்தது. அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “எங்க தோப்பு இதவிடப் பெரிசுங்க. இப்ப மைன்ஸ் குழியில கெடக்குது” என்று யாரிடமும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார். அப்பா அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

நானும் அந்தப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

“உங்கப்பாவுக்கு என்னா ஷிப்டு?”

“நைட்.”

“அப்ப இன்னும் தூங்கலியா?”

“இல்ல.”

அவள் திரும்பி என் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை ஒருமுறை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. மறுபடி விழுந்தது. அவள் எழுந்து உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து மர நிழலில் விரித்தாள். நான் அப்பாவின் தோளைத் தொட்டேன். அரைக் கண்ணில் எழுந்து வந்தவர், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அந்தப் பாயில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் குறட்டை வந்தது. அவள் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைத் தூரத் துரத்தினாள். பக்கத்து வீட்டுக்கு ஓடி, பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். நேற்று தட்டை அடித்தவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸாரி என்று அப்போதுதான் சொன்னேன். “சத்தம் போடாத” என்றாள்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டிரம்மைப் பிடுங்கவில்லை, தினமும் சாயங்காலம் மைதானத்தில் எங்களுக்கு அரை மணி நேரம் அப்பாக்களே வாங்கித் தந்தார்கள். நமக்கு இரண்டாம் பரிசு. நடுவருக்குக் காது மந்தம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். கேப்டன் அதுவரை என்னோடு பேசாமல், தாளத்துக்கு மட்டும் கூட நடந்தான். அவனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அடே, இப்போதாவது கோபம் போயிற்றா?

கதைக்கு வருகிறேன். பத்து மணி வாக்கில் அந்த மனிதர் எழுந்து வெளியே வந்தார். மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். ஒடிசலான ஆள். கண் இரண்டும் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்திருந்தது. வாசலில் ஒரு பெர்மனென்ட் ஆள் பூட்ஸோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்து வெலவெலத்துப்போனார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, “இன்னாம்மா இது? யாரு?” என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

அவள் சொல்வதற்குள் நான் சொன்னேன். டிரம் அடித்தது, சிரித்தது, கடிதம், அப்பா கையெழுத்துப் போடாதது, அவர் எழும்வரை இருப்பேன் என்று சொன்னது. ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் அப்பாவின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கயிற்றைத் தளர்த்தி, ஒவ்வொன்றாக மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். வெயில் நகர்ந்து அப்பாவின் முகத்துக்கு வந்திருந்தது. ஒரு கீற்றை எடுத்து மரத்தில் சாய்த்து நிழல் கட்டினார். அதற்குப் பிறகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் தோப்புப் பக்கமிருந்து எதிர்வீட்டு மாமா வந்தார். அப்பா காலையிலேயே ஊருக்குள் போனவர் திரும்பவில்லை என்று தெருவில் பேச்சாகியிருக்கிறது. பிடித்து வைத்துக்கொண்டார்களோ, அடித்துவிட்டார்களோ என்று பதறி, வேர்த்து விறுவிறுத்து, பாதி ஓட்டமாக வந்தார். சட்டைப் பையில் அந்தக் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த அப்பாவைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. “ஏனுங்க! என்ன பண்ணிப்போட்டீங்க எங்க ஆள!” என்று கத்திவிட்டார்.

அந்த மனிதர் எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். தன்னைத் தட்டி எழுப்பிய சூப்பர்வைசர் என்று அவருக்குத் தெரியும். பையிலிருந்த காகிதம் என்னவென்று நான் சொல்லியிருந்தேன். இருந்தும் அவர் கை கட்டவில்லை, கெஞ்சவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க சார். நைட்டு ஷிப்டு முடிச்சிட்டு வந்து தூங்கினு இருக்காரு. எழுந்துட்டாருன்னா ராத்திரி மெஷின்ல கஷ்டமாப் பூடும்.”

என் அப்பாவின் குறட்டை கேட்டது. மாமா என் அப்பாவைப் பார்த்தார், கழற்றி வைத்த பூட்ஸைப் பார்த்தார், சிவந்த அந்த இரண்டு கண்களைப் பார்த்தார். பின்பு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலடி கேட்காமல் நடந்து வந்து, முந்திரிக் கட்டையின் ஒரு முனையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, உட்காரும்படி பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அந்த மனிதர் முதலில் தயங்கினார். அப்புறம் உட்கார்ந்தார்.

அப்பா இரண்டு மணிக்குத்தான் கண் விழித்தார். நான்கு மணி நேரம் அந்த இரண்டு பேரும் ஒரு கட்டையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் தூக்கத்துக்குக் காவல் இருந்தார்கள். கடிதம் மாமாவின் பையைவிட்டு வெளியே வரவில்லை, காண்ட்ராக்டர் கைக்குப் போகவும் இல்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே பெல்ட்டில் வேலை பார்த்தார்.

மைன்ஸில் தூங்கி வேலையை இழந்தவர்கள் கதை உங்கள் எல்லாரிடமும் இருக்கும். தூங்கியே இன்னொருவர் வேலையைக் காப்பாற்றியவர் என் அப்பா ஒருவர்தான்.